எதில் கால்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைத் தொடாத மேடை எங்கள் பக்கம் கிடையாது. சுதந்திர தினமோ உள்ளாட்சித் தேர்தலோ, மைக்கைப் பிடித்தவர் குடவோலையில்தான் ஆரம்பிப்பார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்று பிரதமர் பேச்சிலேயே எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த எனக்கு, அந்தச் சுவரில் முதலில் கண்ணில் படுவது பின்னம்.

பராந்தக சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 921. ஊர்ச் சபையின் வாரியத்துக்குக் குடத்தில் பெயர் எழுதிப் போடத் தகுதியுள்ளவர் யார் என்று கல்வெட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. கால் நிலத்துக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். அப்புறம் ஒரு சலுகை வருகிறது: அரைக்கால் நிலமே வைத்திருந்தாலும் பாதகமில்லை, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். கால் பெரிது, அரைக்கால் சிறிது, துண்டு விழுகிற அரைக்காலைப் படிப்பைக் கொண்டு சரிக்கட்டலாம். இதைவிட நல்ல ஒப்பிடுதல் கணக்கு எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அதை வகுப்புக்குக் கொண்டுபோக எனக்கு வெகுகாலம் பிடித்தது.

நான் வேலை பார்த்த ஒன்றியத் தொடக்கப்பள்ளி, மானாம்பதி போகிற பக்கம், ஒரு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. பிள்ளைகளின் அப்பா அம்மா கழனி வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கல் குவாரிக்கும் போகிறவர்கள். பின்னப் பாடம் வந்ததும் ஒவ்வொரு வருஷமும் ஒரே கதைதான். பலகையில் மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் எழுதி, "எது பெருசு?" என்பேன். வகுப்பே ஒரே குரலில், "நாலுல ஒண்ணு டீச்சர்!"

ஏன் என்று கேட்டால் பதில் தயார்: "நாலுதானே டீச்சர் பெருசு." அவர்கள் மேல் தப்பே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றைவிட நாலு பெரிது என்று தலையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். இப்போது ஒரு கோட்டைப் போட்டு, கோட்டுக்குக் கீழே போனதும் நாலு சின்னதாகிவிடும் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

பாடநூல் வட்டம் போடச் சொல்லும். வட்டத்தை நாலாக வெட்டுவது சுலபம், கூட்டல் குறி போட்டால் முடிந்தது. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று சமத் துண்டாகப் போட்டுப் பாருங்கள், தெரியும். நான் போட்ட மூன்றில் ஒன்று சில நாள் நாலில் ஒன்றைவிட ஒடுங்கியே இருக்கும். பிள்ளைகளும் அதைச் சுட்டிக்காட்டத் தவறமாட்டார்கள்.

பரீட்சைக்குக் குறுக்குப் பெருக்கல் இருந்தது. இந்தத் தொகுதியை அந்தப் பகுதியால் பெருக்கு, அந்தத் தொகுதியை இந்தப் பகுதியால் பெருக்கு, எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பின்னம் பெரிது. விடை டாண் என்று வரும், மதிப்பெண்ணும் வரும். வந்த விடையைக் காட்டி, "இதுல ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்குன்னா எதை எடுத்துப்ப?" என்று கேட்டால் முழிப்பார்கள். சில பேர் சின்னதைத்தான் எடுப்பார்கள்.

செயல்வழிக் கற்றல் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்து சேர்ந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, தட்டு நிறைய அட்டைகள், அவற்றை எந்த வரிசையில் முடிப்பது என்று காட்டும் ஏணிப் படம். அட்டைகளின் மேல் எனக்குப் பெரிய காதல் கிடையாது. அடுத்த படிக்குத் தாவுகிற அவசரத்தில் பாதிப் பிள்ளைகள் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடும். ஆனால் தரையில் உட்கார்ந்து கையால் எதையாவது செய்ய இடம் கிடைத்ததே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். காகிதப் பட்டைகளை வெட்டி மடிக்கவைத்தேன். இரண்டாக, நாலாக, எட்டாக மடிப்பது விளையாட்டு. மூன்றாக மடிக்க மட்டும் கொஞ்சம் பழக வேண்டும்.

அப்படி மடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் ஒரு பையன் எழுந்து, "என் கால்தான் டீச்சர் எல்லாத்தையும்விடப் பெருசு" என்றான். நிஜமாகவே பக்கத்திலிருந்தவளின் மூன்றில் ஒன்றைவிட அவனுடைய நாலில் ஒன்று நீளம். மற்றவர்கள் நோட்டுத் தாளை வெட்டியிருக்க, அவன் வீட்டிலிருந்து பெரிய மாதக் காலண்டர் தாளைக் கொண்டுவந்து வெட்டியிருந்தான். வகுப்பே "ஏமாத்துறான் டீச்சர்" என்று கத்தியது. அவன் ஏமாற்றவில்லை. பாடநூல் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிப் போகிற இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். காலுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் எது பெரிது என்று நாம் கேட்கும்போது, இரண்டும் ஒரே அளவு முழுசிலிருந்து வந்தவை என்று நமக்கு நாமே முடிவு செய்துகொள்கிறோம். பிள்ளையிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. அன்றையிலிருந்து பலகையில் பின்னம் எழுதுமுன் "எதில்?" என்று கேட்கிற பழக்கம் வகுப்புக்கே வந்துவிட்டது. "எதுல காலு டீச்சர்?" என்பார்கள், நான் சொன்ன பிறகுதான் மடிப்பார்கள்.

காகிதத்தில் மடித்ததை அளந்தும் பார்க்கலாம் என்று, படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் ஒரு செட்டாக யாரிடமாவது இருக்குமா என்று விசாரித்தபோது ஊரில் பழைய கணக்கப்பிள்ளை வீட்டைக் காட்டினார்கள். பரம்பரைக் கர்ணம் பதவிகளை 1980-இல் அரசு ஒழித்தபோது வேலை போனவர். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம், கணக்கு மட்டும் கூர்மை. பரணிலிருந்து பேரனை விட்டு அளவைகளை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். இரும்பும் பித்தளையுமாக நாலும் இருந்தன. "எங்க படி வேற, அடுத்த சீமை படி வேறம்மா. படின்னதும் எந்தப் படின்னு கேட்டுக்கணும்" என்று கூடவே எச்சரிக்கை.

அவற்றை வகுப்பில் வைத்து நெல்லை அளக்கவிட்டேன். உழக்கு என்பது படியில் கால், ஆழாக்கு அரைக்கால். எட்டில் ஒன்றுதான் நாலில் ஒன்றைவிடப் பெரிது என்று முந்தின நாள் சாதித்த பிள்ளைகளில் ஒருவர்கூட ஆழாக்கு உழக்கைவிடப் பெரிது என்று சொல்லவில்லை. வீட்டில் தினமும் ஆழாக்கில் அரிசி அளந்து உலையில் போடுகிற பிள்ளைகள். எண்ணாக எழுதினால் தடுமாறுகிறவர்கள் ஏனமாகக் கொடுத்தால் தடுமாறுவதில்லை.

அளவைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவர் சும்மா விடவில்லை. "இன்னாம்மா உங்க புள்ளைங்களுக்குக் கஷ்டம்?" என்றார். சொன்னேன். "எல்லாத்தையும் முந்திரியாக்கிப் பாத்தா சண்டையே இல்லியே" என்று சொல்லித் திண்ணையில் விரலால் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. எண்சுவடியை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களுக்குக் கணக்கில் அதுதான் அடித்தளம். கால் என்றால் 80 முந்திரி. அரைக்கால் 40. மாகாணி, அதாவது வீசம், 20. மா 16. காணி 4. பதினாறில் ஒன்று பெரிதா, இருபதில் ஒன்று பெரிதா என்று யோசிக்கவே வேண்டாம். இருபது முந்திரி பெரிதா, பதினாறு முந்திரி பெரிதா என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். மாவோடு காணியைச் சேர்த்தால் மாகாணி, பதினாறும் நாலும் இருபது. நாம் ஐந்தாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, வேற்றினப் பின்னங்களை ஓரினமாக்கி, அப்புறம் ஒப்பிடுகிறோம். அவர்கள் எல்லாவற்றையும் ஏற்கெனவே ஓரினமாக்கி வைத்துவிட்டுத்தான் பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குச் சுமார் எழுபது வருஷம் முன்னால் ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர், கணித சார சங்கிரகத்தில் பின்னங்களுக்குப் பொது மடங்கு காணும் வழியைச் சொல்லியிருக்கிறார். அந்த நூலை 1912-இல் சென்னையில் ரங்காச்சாரியார் ஆங்கிலத்தோடு பதிப்பித்தார். அது பண்டிதர்களின் வழி. கணக்கப்பிள்ளை போட்டது களத்துமேட்டு வழி.

"அப்போ மூணுல ஒண்ணு எத்தினி முந்திரிங்க ஐயா?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "அது மட்டும் மாட்டாதும்மா. நூத்தி ஆறு போட்டு, மீதிய கீழ தள்ளணும், கீழயும் தீராது." உண்மைதான், 320 மூன்றால் வகுபடாது. பாதி, அதில் பாதி, ஐந்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்காக இடம் கொடுக்கிற ஏற்பாடு மூன்றில் ஒன்றிடம் வந்து திணறுகிறது. காகிதப் பட்டையை மூன்றாக மடிக்கத் திணறிய என் பிள்ளைகளிடம் மறுநாள் இதைச் சொன்னபோது அவர்களுக்கு ஒரே குஷி.

இன்னொன்றும் அவரிடமிருந்துதான் வாங்கினேன். முக்காலும், ஆறில் ஐந்தும். எது பெரிது? என் வகுப்பில் இதற்கு வருகிற பதில், "ரெண்டும் சமம் டீச்சர், ரெண்டுலயும் ஒண்ணுதானே கொறையுது." நாலுக்கு மூன்று, ஆறுக்கு ஐந்து, இரண்டிலும் ஒன்று குறைச்சல். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பெரியவர், "கொறச்சலப் பாக்கறது சரிதான். ஆனா கொறையுற அந்த ஒண்ணு எதுல ஒண்ணு?" என்றார். நாலில் ஒன்று குறைகிறது ஒன்றில், ஆறில் ஒன்று குறைகிறது மற்றதில். அதிகம் குறைந்தது சிறிது. "முக்காலே அரைக்கால், முக்காலே மூணு வீசம், எது பெருசு சொல்லு?" முன்னதில் ஒன்றுக்கு அரைக்கால் பாக்கி, பின்னதில் வீசம் பாக்கி. முக்காலே மூணு வீசம் ஜனங்களுக்கு இது தெரியாது என்று சாதாரணமாகச் சொல்லுகிறோமே, பதினாறில் பதினைந்து பேர் என்று கணக்குப் பார்த்தா சொல்லுகிறோம்? ஏறக்குறைய எல்லாரும் என்பது மட்டும் வாயில் நிற்கிறது.

"எதில்?" என்ற கேள்வி வகுப்பில் ஊறிய பிறகு பிள்ளைகளே வெளியிலிருந்து கால்களைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். காதில் போட்டிருப்பது கால் பவுன், அதாவது எட்டு கிராமில் இரண்டு. கால் கிலோ பச்சை மிளகாய். கால் மணி நேரம். ஒருவன் கையைத் தூக்கி, "குவாட்டரு கால் இல்ல டீச்சர்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான்: "குவாட்டரு நூத்தி எம்பது. ஃபுல்லு எழுநூத்தம்பது. நாலு குவாட்டர் ஊத்துனாலும் ஃபுல்லு ரொம்பாது. முப்பது கொறையும்." டாஸ்மாக் கடைக்குப் பின்னால் காலி பாட்டில் பொறுக்கிப் பழைய சாமான் கடையில் போடுகிற பையன். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி விளையாடியபோது கண்டுபிடித்திருக்கிறான். 750-ஐ நாலால் வகுத்தால் 187½ வருகிறது. சீட்டில் போட்டிருப்பது 180 மி.லி. பேர் கால், அளவு காலுக்கும் கம்மி. பலகையில் எழுதிப் போட்டு, காலுக்கும் குவாட்டருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லாரையும் கண்டுபிடிக்கச் சொன்னேன். தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆய்வுக்கு யாராச்சும் வர்றதுக்குள்ள அழிச்சுடும்மா" என்று சொல்லிப் போனார். அழித்தேன். அந்தப் பையன் அதற்கப்புறம் கணக்கு வகுப்புக்கு மட்டம் போடவில்லை.

அந்த வருஷம்தான் அவர்களை உத்திரமேரூருக்குக் கூட்டிப் போய்க் கல்வெட்டைக் காட்டினேன். பழைய எழுத்து, அவர்களுக்கும் படிக்க வராது, எனக்கும் வராது. அச்சில் உள்ளதை வைத்துக்கொண்டு சொன்னேன். முப்பது குடும்பு, குடத்தில் ஓலை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது, எல்லாவற்றையும் வாயைத் திறந்து கேட்டார்கள். கால் நிலம் என்றதும் வழக்கமான கேள்வி வந்தது: "எதுல காலு டீச்சர்?"

கல்வெட்டு சொல்லவில்லை. வேலி என்ற நில அளவில் கால் என்று அறிஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரில் எழுதியவருக்கும் படித்தவருக்கும் எதில் கால் என்று சொல்லத் தேவை இருந்திருக்காது. ஒரே சபை, ஒரே அளவுகோல். வெளியே நின்றவர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. நிலமில்லாதவன், பெண், அந்தக் கழனியில் சேற்றில் நின்றவன் யாருடைய பேரும் குடத்துக்குள் போகவில்லை. மேடையில் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அப்போதுதான் ஒரு பையன், "ஒரு வேதம் அரைக்கால் நிலத்துக்குச் சமமா டீச்சர்?" என்று கேட்டான். இன்னொருவன் உடனே, "பாஷ்யத்தையும் சேத்துக்கடா, ரெண்டும் சேந்துதான் அரைக்காலு" என்று திருத்தினான். அப்படியானால் தனித்தனியாக வீசம், வீசமா என்பதில் அவர்களுக்குள் தகராறு. பஸ் வரும்வரை தீரவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பேசவே மாட்டாள். மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று நான் முதல் தரம் கேட்டபோதே வகுப்புக் கூச்சலுக்கு நடுவில் அவள் மட்டும், "மூணுல ஒண்ணுதான் டீச்சர் பெருசு" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "எங்க அத்தை பங்கு கேட்டுச்சு. மூணா இருந்தது நாலாயிடுச்சு. அதான் வீட்ல சண்டை."

ஏரிப் பாய்ச்சலில் அவர்களுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட், தாத்தா காலத்து நிலம். பெரியப்பா, அவள் அப்பா, சித்தப்பா என்று மூன்று ஆண். வந்தவாசிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு அக்கா. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே கலியாணமானவர்களுக்குக் கிடையாது. இந்த அத்தை அந்த ரகம். 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அவளுக்கும் உரிமை வந்தது, தாத்தா போனதும் கேட்டுவிட்டாள். ஆளுக்கு 40 சென்ட் என்று இருந்தது 30 ஆனது. ஊரில் பலருக்கு அத்தை செய்தது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

நிலத்தை அளந்து நாலு துண்டாக்கினார்கள். நாலும் முப்பது சென்ட், நாலும் கால். ஆனால் மதகையொட்டிய காலும் கடைமடைக் காலும் ஒன்றாகுமா? ஏரியில் தண்ணீர் குறைகிற வருஷம் கடைசித் துண்டுக்கு ஈரம் போய்ச் சேராது. யாரும் விட்டுக்கொடுக்காததால் சீட்டுப் போட்டார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்று அவளுடைய தம்பியை, இரண்டு மூன்று வயசுக் குழந்தையை, சொம்பில் கைவிடச் சொன்னார்கள். மதகுத் துண்டு அத்தைக்கு விழுந்தது. "கோயில்ல சொன்னீங்களே டீச்சர், அதே மாதிரிதான்" என்றாள் அந்தப் பெண், ஏதோ புதுச் செய்தி போல.

வந்தவாசியிலிருந்து வந்து பயிர் வைக்க முடியுமா? அத்தை தன் துண்டை நடுத் தம்பிக்கே, அதாவது இவள் அப்பாவுக்கே, வாரத்துக்கு விட்டாள். விளைச்சலில் மூன்றில் ஒன்று நிலத்துக்கு, மீதி பயிர் வைக்கிறவருக்கு. இதை அவள் வந்து சொன்னதும் பட்டையை எடுக்கச் சொன்னேன். மொத்த நிலத்தைப் பன்னிரண்டு பங்காக மடித்தோம், பங்குக்குப் பத்து சென்ட். அப்பாவுடைய காலில் மூன்று பங்கு. அத்தையின் காலில் மூன்று, அதில் ஒன்று அத்தைக்குப் போக இரண்டு அப்பாவுக்கு. ஆக ஐந்து. சண்டைக்கு முன்னால் மூன்றில் ஒன்றாக இருந்தபோது நாலு. அவள் ஐந்தையும் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நைனாவுக்கு ஜாஸ்திதான் வருது!"

ஒரு நிமிஷம் கழித்து அவளே, "ஆனா அத்தை கழனிக்கும் செலவு நைனாதுதானே டீச்சர்" என்றாள். அதைக் கழிக்காமல் எப்படிச் சொல்வது? வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் அப்பாவின் கையெழுத்தில் வந்தது: ஏர், நாற்று, நடவுக் கூலி, யூரியா, மருந்து, அறுப்பு. எல்லாவற்றுக்கும் கீழே எனக்கு ஒரு கேள்வி. மூன்றில் ஒன்றை நாலில் ஒன்றாக்கி அக்காவிடம் பேசினால் தனக்கு எவ்வளவு கூடும்?

வாரச் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 1956-இல் வந்த நியாய வாரச் சட்டம் நஞ்சைக்கு நூற்றுக்கு 40 என்று வைத்து, பிற்பாடு 25-ஆகக் குறைத்தார்கள். ஆனால் அவர் கேட்டது சட்டம் இல்லை, கணக்கு. முப்பதில் மூன்றில் ஒன்று பத்து, நாலில் ஒன்று ஏழரை. இரண்டரை சென்ட் நெல் உங்களுக்குக் கூடும் என்று எழுதினேன். அதற்குக் கீழேயே, உங்கள் அக்காவுக்கு அதே இரண்டரை சென்ட் நெல் குறையும் என்றும் எழுதி, இரண்டு வரியையும் அவளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். அந்தப் போகம் மூன்றில் ஒன்றே நின்றதாகச் சொன்னாள்.